மூலம் என்று முடிவு கட்டும் முன்: கிளிப்பெல்–ட்ரெனோனே நோயும் மலக்குடல் ரத்தப்போக்கும்

பிறக்கும்போதே ஒரு காலில் செவ்வூதா நிறத்தில் படர்ந்த மறு. வளர வளர அந்தக் கால் மட்டும் மற்றதைவிடப் பருத்தும் நீண்டும் போகிறது. தொடையின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாகப் புடைத்து ஓடுகிறது நரம்புச் சுருட்டு. இந்த மூன்றும் உள்ள ஒருவர் இருபத்தைந்து, முப்பது வயதில் வந்து மலத்தோடு ரத்தம் போகிறது என்று சொன்னால், அதை மூலம் என்று முடிவு கட்டக் கூடாது. இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்காமல் ஆசனவாயில் கத்தியோ ரப்பர் வளையமோ வைக்கக் கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதை முடிந்தவரை விவரமாக எழுதுகிறேன். இதில் வரும் மருந்தளவுகள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசும்போது உதவுவதற்காக. தானாக எடுத்துக்கொள்வதற்கு அல்ல.

மொரீஸ் கிளிப்பெல், பால் ட்ரெனோனே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1900-இல் விவரித்த நோய் இது. ஏறத்தாழ லட்சத்தில் ஒருவருக்கு என்று சொல்லப்படும் அளவுக்கு அரிது. வெளியுலகம் இதை அறிந்தது பெரும்பாலும் அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர் கேஸி மார்ட்டின் மூலமாக. அவருக்கு வலது காலில் இந்த நோய். ஆட்டத்தின்போது மைதானத்தில் வண்டியில் போக அனுமதி கேட்டு, பிஜிஏ டூர் அமைப்புக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 2001-இல் வென்றார். 2021-இல் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இந்த நோயைக் கேள்விப்பட்டவர்கள்கூட இதைக் கால் நோயாக மட்டும் நினைப்பதற்கு இப்படிப்பட்ட செய்திகளும் ஒரு காரணம். கால் கண்ணுக்குத் தெரிகிறது. குடல் தெரிவதில்லை.

காரணம் ஒரு மரபணுப் பிழை. ஆனால் பெற்றோரிடமிருந்து வருவதல்ல. கருவுற்ற பிறகு, செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு செல்லில் பிஐகே3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் ஏற்படுகிறது. செல்லுக்கு "வளர்" என்று சொல்லும் சமிக்ஞை அதன்பின் அணையாமல் எரிகிறது. அந்த ஒரு செல்லின் வழித்தோன்றல்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தனவோ அங்கெல்லாம் சதை, எலும்பு, கொழுப்பு, சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்), நிணநீர்க் குழாய்கள் அளவு மீறி வளர்கின்றன. மற்ற இடங்கள் இயல்பாகவே இருக்கின்றன. 2012-இல் இதற்கு நெருக்கமான மிகைவளர்ச்சி நோய்களில் இந்த மாற்றம் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கிளிப்பெல்–ட்ரெனோனே நோயாளிகளிடமும் அதுவே பார்க்கப்பட்டது. இன்று இவை எல்லாம் ஒரே குடும்பமாக வகைப்படுத்தப்படுகின்றன.

இதிலிருந்து நடைமுறையில் இரண்டு விஷயங்கள் தொடர்கின்றன. ஒன்று, கையிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் வழக்கமான மரபணுப் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பாதிக்கப்பட்ட தோல் அல்லது திசுவிலிருந்து எடுத்து, மிகக் குறைந்த விகிதத்தில் இருக்கும் மாற்றத்தையும் பிடிக்கக்கூடிய ஆழமான வரிசைப்படுத்தல் செய்ய வேண்டும். அந்தத் துணுக்கைக் காலின் தோலிலிருந்து எடுக்கலாம். மலக்குடலிலிருந்து எடுக்கவே கூடாது. இரண்டு, பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்வி. ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் பதில் வராது என்பதே. பெரிய தலை, குடலில் நிறைய பாலிப்கள், குடும்பத்தில் தைராய்டு அல்லது மார்பகப் புற்று என்று இருந்தால் கதை வேறு. அது பிடென் மரபணு சார்ந்த நோயாக இருக்கலாம், அது பரம்பரையாக வரும், ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும், கொலோனோஸ்கோபி (குழல் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) கண்காணிப்பும் வேறு மாதிரி அமையும். தமனியும் சிரையும் நேரடியாக இணைந்து ரத்தம் வேகமாகப் பாயும் பார்க்ஸ் வெபர் நோயையும் டாப்ளர் ஸ்கேனில் பிரித்தறிய வேண்டும். அந்தக் கால் தொட்டால் சூடாக இருக்கும், கைவைத்தால் அதிர்வு தெரியும்.

இனி ரத்தம் போகும் பாதை. குடலில் ஏன் கசிகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

கருவில் கால் உருவாகும்போது தொடையின் வெளிப்புறத்தில் ஒரு பெரிய சிரை இருக்கும். பிறப்பதற்கு முன்பே அது மறைந்து, ஆழத்தில் உள்ள சிரைகள் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். இந்த நோயில் பலருக்கு அந்தச் சிரை மறைவதில்லை. வால்வுகள் இல்லாமல், அகன்று, அப்படியே தங்கிவிடுகிறது. ஆழச்சிரைகளோ சிலருக்குச் சுருங்கியும், சிலருக்கு இல்லாமலும் இருக்கின்றன. பெரிய வாய்க்கால் தூர்ந்த ஊரில் தண்ணீர் வயல் வழியே பாய்வதுபோல, காலின் ரத்தம் இந்த வெளிச்சிரை வழியாக ஏறிப் பிட்டத்தின் பக்கமாக உள்ளே நுழைந்து, இடுப்புக்குள் இருக்கும் உள் இலியாக் சிரையில் போய்க் கொட்டுகிறது. அந்தச் சிரைக்கு அவ்வளவு ரத்தத்தைத் தாங்கும் அகலம் கிடையாது. அழுத்தம் கூடுகிறது. மலக்குடலின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் இருந்து வரும் சிரைகள் வடிவதும் இதே உள் இலியாக் சிரையில்தான். எனவே அழுத்தம் அங்கே பின்னோக்கித் தள்ளுகிறது.

இது பாதிக் கதை. மீதி, மலக்குடல் சுவரிலேயே இருக்கிறது. அதே மரபணு மாற்றம் குடல் சுவரின் சிரைகளிலும் இருந்தால், ஆசனவாய்க்குள் தோலும் குடலின் உட்படலமும் சேரும் உட்கோட்டிலிருந்து தொடங்கி மலக்குடல், அதற்கு மேலுள்ள பெருங்குடல் வளைவான சிக்மாய்டு வரை சுவர் முழுக்கச் சுருள் சுருளான அகன்ற சிரைகளால் நிரம்பியிருக்கும். சுவரைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் அப்படியே. மலக்குடலின் மேற்பகுதி வேறு பக்கம் வடிகிறது: மேல் மலக்குடல் சிரை, அங்கிருந்து கீழ்க்குடல் சிரை, அங்கிருந்து மண்ணீரல் சிரை, கடைசியில் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை. அதாவது மலக்குடல் இரண்டு வடிகால்களின் எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கெட்டால் ரத்தக்கசிவு. மறுபக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் ரத்தக்கசிவைவிட ஆபத்தானது அதுதான்.

கசிவு பெரும்பாலும் வலியில்லாதது. பிரகாசமான சிவப்பு, சில நேரம் கரும்சிவப்பு. சில மாதம் ஒன்றுமே இருக்காது, பிறகு ஒரே வாரத்தில் பலமுறை வரும். பலருக்குச் சிறுவயதிலேயே தொடங்கியிருக்கும். வெட்கத்தால் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிரைகள் அழுத்தத்தில் மேலும் அகல்கின்றன. பூப்பு வயது, கர்ப்பம், நாள்பட்ட மலச்சிக்கல் ஒவ்வொன்றும் அதைத் தள்ளிவிடுகின்றன. அதனால்தான் பெரியவரான பிறகு முதன்முறையாக மருத்துவரிடம் வருகிறார்கள்.

வந்தவுடன் நடப்பது பெரும்பாலும் இதுதான்: விரலால் தொட்டுப் பார்த்து, குழல் வைத்துப் பார்த்து, நீலம் பாரித்த புடைப்புகள் தெரிந்ததும் உள்மூலம் என்று எழுதப்படுகிறது. சிலருக்குப் பெருங்குடல் அழற்சி என்று மெசாலமின் மாத்திரை வருடக்கணக்கில் போகிறது. மாத்திரையால் பெரிய கேடில்லை. மூலத்துக்கான செயல்முறைதான் கேடு. ரப்பர் வளையம் போட்டால், வளையத்துக்குள் சிக்கிய திசு அழுகி ஐந்து முதல் பத்து நாளில் உதிர்ந்து ஒரு புண்ணை விட்டுச் செல்லும். சாதாரண மூலத்தில் அந்தப் புண் தானே ஆறிவிடும். இங்கே அந்தப் புண்ணின் அடியில் வால்வில்லாத, காலின் அழுத்தமும் சேர்ந்த ஒரு பெரிய சிரை திறந்து கிடக்கிறது. வெட்டி எடுப்பதும், ஸ்டேப்ளர் வைப்பதும், க்ஷாரசூத்திரம் என்ற ஆயுர்வேத மருந்து நூலைக் கட்டுவதும் அதே கணக்கில்தான் வரும். தெருமுனைப் பலகையைப் பார்த்து, "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று நம்பி ஊசி போட்டுக்கொள்வதும் அப்படியே. பயாப்ஸி கிள்ளுவதும் வேண்டாம். பார்த்தாலே தெரியும் நோய்க்குத் துணுக்கு தேவையில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? செலவில்லாத முதல் துப்பு சாதாரண எக்ஸ்ரே. இடுப்பு எக்ஸ்ரேயில் மலக்குடல் இருக்கும் இடத்தைச் சுற்றி, நடுவில் கருமையான புள்ளியோடு, உருண்டை உருண்டையாகச் சுண்ணாம்புக் கற்கள் தெரியும். சிரைக்குள் தேங்கி உறைந்த ரத்தம் காலப்போக்கில் கல்லானது அது. வயதானவர்களுக்கு ஓரிரண்டு இருப்பது சகஜம். இருபது வயதுக்காரருக்குக் கொத்தாக இருந்தால் சகஜமல்ல. அதோடு தோலையும் கவனிக்க வேண்டும்: ஆசனவாயைச் சுற்றியோ, பிறப்புறுப்பிலோ, பிட்டத்திலோ ஊதா நிறப் புடைப்பு இருந்தால் உள்ளேயும் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

தீர்மானமான பரிசோதனை இடுப்புக்கும் வயிற்றுக்கும் சேர்த்து எடுக்கும் எம்ஆர்ஐ, சிரை வரைபடத்தோடு. டி2 என்ற வகை எம்ஆர்ஐ படங்களில் மலக்குடல் சுவர் தடித்து வெள்ளையாக ஒளிரும். சுற்றியுள்ள கொழுப்பில் புழு நெளிவதுபோல் சிரைகள் தெரியும். ஸ்கேன் எழுதிக்கொடுக்கும்போது இந்தக் கேள்விகளையும் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள்: நோய் எந்த இடத்திலிருந்து எதுவரை? சிறுநீர்ப்பை, மண்ணீரல், கருப்பை சேர்ந்திருக்கிறதா? கீழ்க்குடல் சிரையின் அகலம் எவ்வளவு, அதில் உறைவு இருக்கிறதா? போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா? காலின் ஆழச்சிரைகள் இருக்கின்றனவா? கேள்வி எழுதாத ஸ்கேனில் பெரும்பாலும் "மலக்குடல் சுவர் தடிப்பு" என்ற ஒற்றை வரிதான் வரும். அதைப் படித்துவிட்டுப் புற்றுநோயோ என்று ஒரு குடும்பமே கலங்கும்.

கொலோனோஸ்கோபி தேவைதான். வேறு காரணம் இல்லை என்பதையும், நோய் மேலே எங்கே முடிகிறது என்பதையும் அது காட்டும். ஆனால் காற்றை அதிகம் ஏற்றினால் சிரைகள் நசுங்கித் தட்டையாகி, இல்லாததுபோல் தோன்றும். செய்பவருக்கு நோயின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ரத்தம் உறையும் விஷயம். இந்த நோயின் சிகிச்சையில் அதிகம் குழம்பும் இடமும், நோயாளி நன்றாகப் புரிந்துவைத்திருக்க வேண்டிய இடமும் இதுதான்.

அகன்ற சிரைக்குள் ரத்தம் மெதுவாகச் சுழல்கிறது. தேங்கிய ரத்தம் உறைகிறது, உடல் அதைக் கரைக்கிறது, மறுபடி உறைகிறது. இந்தச் சுழற்சி நாள் முழுக்க நடப்பதால் ஃபைப்ரினோஜன் என்ற உறைபொருள் செலவாகிக்கொண்டே இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் டி-டைமர் (உறைவு கரையும்போது வெளிப்படும் பொருள்) இயல்பைவிடப் பல மடங்கு உயர்ந்தும், ஃபைப்ரினோஜன் குறைந்தும், தட்டணுக்கள் இயல்பாகவோ சற்றே குறைவாகவோ இருக்கும். ஃபைப்ரினோஜனின் இயல்பு அளவு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மி.கி. இவர்களில் சிலருக்கு அது 100-க்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் குடலில் சிறு கீறல் பட்டாலும் ரத்தம் நிற்காது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, பெரிய தொற்று, பிரசவம் போன்ற நேரங்களில் இந்த உள்ளூர்ப் பிரச்சினை உடல் முழுவதற்கும் பரவலாம்.

ஒரே உடலில் ஒரே நேரத்தில் ரத்தம் கசியவும் செய்கிறது, உறையவும் செய்கிறது. ஆகவே ரத்தக்கசிவு உள்ளவருக்கு ரத்தத்தை இளக்கும் ஊசி போடுவது என்ற, கேட்டாலே பதறவைக்கும் முடிவு சில வேளை சரியான முடிவாகிறது. எனாக்ஸபாரின் போன்ற ஹெப்பாரின் ஊசி சிரைக்குள் நடக்கும் வீண் உறைதலைத் தடுக்கிறது, ஃபைப்ரினோஜன் மிச்சமாகிறது, மிச்சமான ஃபைப்ரினோஜன் கசியும் இடத்தில் தன் வேலையைச் செய்கிறது. பெரிய அறுவைக்கு முன் பத்து முதல் பதினான்கு நாள், உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் இருவேளை கொடுத்து ஃபைப்ரினோஜன் ஏறுகிறதா என்று பார்ப்பது பல மையங்களின் வழக்கம். மாறாக, கசிவை நிறுத்தப் பழக்கமாகக் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், கரையும் வேலையைத் தடுப்பதால், சிரைக்குள் உறைவைக் கூட்டலாம். கண்டிப்பாகக் கூடாது என்பதல்ல. ரத்தவியல் மருத்துவர் எண்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரத்தவியல் மருத்துவர் இல்லாமல் குடல் அறுவை மருத்துவர் மட்டும் இந்த நோயைக் கையாளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெரிய ரத்தப்போக்கைவிட, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் பெரும்பாலோரின் வாழ்க்கையைச் சுருட்டிப் போடுகிறது. கணக்கைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 10 உள்ள ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 0.34 மி.கி. இரும்பு இருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு தேக்கரண்டி, அதாவது 20 மி.லி., போனால் 6.8 மி.கி. இரும்பு போகிறது. நல்ல சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது சாதாரணமாக 1 முதல் 2 மி.கி. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) நல்லவைதான், ஆனால் இந்தக் கணக்கை அவை ஈடுகட்ட முடியாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கும், பற்றாக்குறை உள்ள உடல் அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது எடுத்தால் 12 மி.கி. லேசான கசிவுக்கு அது போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் எடுத்துக்கொண்டால் மாத்திரைக்கு மாத்திரை உறிஞ்சப்படும் விகிதம் மேம்படும், வயிற்றுத் தொல்லையும் குறையும். கசிவு நிற்காதவருக்குத் தினமும் வேண்டியிருக்கலாம். காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். மாத்திரையால் மலம் கறுக்கும். அதைக் கசிவு என்று எண்ணிப் பயப்படவும் வேண்டாம், கசிவை மாத்திரையின் நிறம் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், மலச்சிக்கல் கசிவைக் கூட்டும். இந்த வட்டத்தில் சிக்கியவர்களுக்கு நரம்பு வழி இரும்பே நல்லது. எவ்வளவு தேவை என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: எடையை (15 கழித்தல் இப்போதைய ஹீமோகுளோபின்) ஆல் பெருக்கி, 2.4 ஆல் பெருக்கி, 500 கூட்டுங்கள். 60 கிலோ எடை, ஹீமோகுளோபின் 7 என்றால் 60 × 8 × 2.4 = 1,152; 500 கூட்ட 1,652 மி.கி. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 மி.கி. என்பதால் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை. இந்த மருந்தைத் திரும்பத் திரும்பப் பெறுபவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து எலும்பு வலி, தசைச் சோர்வு வரலாம். அதையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. பெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு காலி என்று அர்த்தம், அடுத்த கசிவிலேயே மறுபடி கீழே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மேலே நிறுத்திவைத்த விஷயத்துக்கு, அதாவது மலக்குடலின் மறுபக்க வடிகால் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு, வருகிறேன். மலக்குடல் சிரைகள் பெருத்த சிலருக்குக் கீழ்க்குடல் சிரையும் அளவு மீறி அகன்றிருக்கும். அதற்குள் ரத்தம் மேலே போகாமல் தேங்கும், சில வேளை பின்னோக்கியும் ஓடும். அங்கே உருவாகும் உறைவு மேலே நகர்ந்தால் போர்ட்டல் சிரை அடைபடும். திடீரென்று அடைபட்டால் குடலின் ஒரு பகுதியே ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போகலாம். மெல்ல அடைபட்டால் வருடங்கள் கழித்து மண்ணீரல் வீங்கி, உணவுக்குழாயில் சிரைகள் புடைத்து, ரத்த வாந்தியாக வந்து நிற்கும். இதனால்தான் ஸ்கேனில் அந்தச் சிரையின் அகலத்தைக் கேட்கச் சொன்னேன். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள், அகன்ற கீழ்க்குடல் சிரையை உறைவு வருவதற்கு முன்பே கட்டி அடைத்துவிடுவதை முன்வைத்தார்கள். மலக்குடலில் கசிவு குறைவாக இருக்கிறது என்பதற்காக இதைத் தள்ளிப்போட முடியாது. கசிவின் அளவுக்கும் இந்த ஆபத்துக்கும் நேரடித் தொடர்பில்லை.

சிகிச்சையில் எளியதிலிருந்து போகலாம். முதலில் மலம் இளகியிருக்க வேண்டும். இசப்கோல் உமி இரவில் இரண்டு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். போதாவிட்டால் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால். முக்குவது கூடாது. எனிமா குழல், ஆசனவாய் வழி வெப்பமானி எதுவும் வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் தவிர்த்துப் பாராசிட்டமால். கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம், அது உறைவைக் கூட்டும்.

சிறிய, தனித்த இடத்திலிருந்து கசிந்தால் எண்டோஸ்கோப் வழியே ஆர்கான் பிளாஸ்மா கொண்டு சுடலாம், அல்லது சிரையை இறுகவைக்கும் மருந்தை ஊசியால் செலுத்தலாம். சுவர் முழுக்கப் பரவியிருந்தால் இவை கொஞ்ச காலம் வாங்கித் தரும், அவ்வளவே. தமனியை அடைக்கும் எம்போலைசேஷன் இங்கே பெரிதாக உதவாது. கோளாறு சிரையில் இருக்கும்போது தமனியை மூடினால் குடலுக்கு வரும் ரத்தம்தான் குறையும்.

ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை வந்தால் அறுவை. இதன் அடிப்படையைத் தந்தது லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை. ஆலன் பார்க்ஸும் சகாக்களும் 1976-இல் வெளியிட்ட முறை அது. முழு மலக்குடலையும் தோண்டி எடுப்பதில்லை. இடுப்புச் சுவர் முழுக்க அகன்ற சிரைகள் இருப்பதால் அங்கே கத்தி போனால் ரத்தம் கட்டுக்கடங்காது. சிறுநீருக்கும் பாலுறவுக்குமான நரம்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. அதனால் மேலே நோயுள்ள சிக்மாய்டு பகுதியை வெட்டி, கீழே ஆசனவாயின் உட்கோட்டிலிருந்து மலக்குடலின் உட்படலத்தை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, தசைக் குழாயை அப்படியே விட்டுவைப்பார்கள். நோயில்லாத பெருங்குடலை அந்தக் குழாய்க்குள் இழுத்து வந்து ஆசனவாயோடு தைப்பார்கள். கசிவது உட்படலம் வழியாக என்பதால் அது போனாலே பெரும்பகுதி நின்றுவிடுகிறது. தையல் ஆறும்வரை, பொதுவாக இரண்டு மூன்று மாதம், சிறுகுடலை வயிற்றில் வெளியே எடுத்துப் பை கட்டுவார்கள்.

அந்தப் பைக்காலத்தில் தவறுவது பெரும்பாலும் நீரிழப்பு. ஒரு நாளில் பையில் 1,500 மி.லி.க்கு மேல் போனால் எச்சரிக்கை. அப்போது வெறும் தண்ணீரையும் இளநீரையும் லிட்டர் கணக்கில் குடிப்பது உப்பை இன்னும் வெளியே இழுக்கும். ஒரு லிட்டர் நீரில் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் கரைத்து, அன்று முழுக்கச் சிறுகச் சிறுக அருந்த வேண்டும். பையை மூடிய பிறகும் முதல் சில மாதங்கள் அடிக்கடி மலம் வரும், அடக்க நேரம் இருக்காது, இரவில் கசியும். இயல்பான மலக்குடலின் கொள்ளளவு இல்லாததன் விளைவு இது. பலருக்கு ஓர் ஆண்டில் தேறும், சிலருக்கு முழுதாகத் தேறாது. அறுவைக்கு முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

மருந்தில் இரண்டு வழி திறந்திருக்கிறது. சிரோலிமஸ், சிறுநீரக மாற்றுக்குப் பழக்கமான மருந்து, இந்த வளர்ச்சிச் சமிக்ஞையின் கீழ்ப்பகுதியை அடக்குகிறது. கசிவும் உறைதல் எண்களும் பலருக்கு மேம்படுகின்றன, மிகையாக வளர்ந்த திசுக்கட்டி கரைவது குறைவு. ரத்தத்தில் மருந்தளவு பார்த்து, பொதுவாக 5 முதல் 15 நானோகிராம்/மி.லி. வரம்புக்குள் வைப்பார்கள். வாய்ப்புண், கொழுப்பு ஏறுதல், தொற்று எல்லாம் வரலாம். கிளாரித்ரோமைசின், பூஞ்சை மாத்திரைகள் இதன் அளவை ஆபத்தாக ஏற்றிவிடும். புண் ஆறுவதைத் தடுப்பதால் அறுவைக்கு முன் நிறுத்த வேண்டும்.

அல்பெலிசிப் அந்த மரபணுவின் புரதத்தையே தடுக்கிறது. 2018-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் கியோம் கனோ குழு 19 நோயாளிகளின் முன்னேற்றத்தை வெளியிட்டது. ஏப்ரல் 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கடுமையான நோயுள்ள இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு விரைவு ஒப்புதல் தந்தது. பெரியவர்களுக்குத் தினம் 250 மி.கி., உணவோடு. அந்த ஒப்புதலுக்கு ஆதாரமான 37 பேரில் 24-ஆம் வாரத்தில் 10 பேருக்குத்தான் கட்டியின் அளவு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் மருந்துதான், எல்லாருக்கும் பலிக்கும் மருந்தல்ல. இன்சுலினின் செய்தியும் இதே பாதையில் போவதால் சர்க்கரை ஏறும். தொடங்கும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கும் வரலாம், மலக்குடல் நோயுள்ளவருக்கு அது சின்ன விஷயமில்லை. விலை மிக அதிகம்.

காலின் வெளிச்சிரையை லேசரால் மூடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆழச்சிரைகள் நன்றாக இருந்தால் மூடலாம். இடுப்பின் அழுத்தமும் நுரையீரலுக்கு உறைவு போகும் ஆபத்தும் குறையும். ஆழச்சிரை இல்லாதவருக்கு மூடினால் காலிலிருந்து ரத்தம் திரும்ப வழியே இருக்காது. கர்ப்பம் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே இடுப்புக்கும் முதுகுத்தண்டுக்கும் எம்ஆர்ஐ எடுத்துவைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய முடியுமா, பிறப்புப்பாதையில் சிரைகள் உள்ளனவா என்பதை வலி எடுத்தபின் தேட நேரமிருக்காது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் ஹெப்பாரின் தேவையா என்பதையும் அப்போதே தீர்மானிக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: நிற்கும்போது தலைசுற்றும் அளவுக்கு ரத்தப்போக்கு, திடீரென்று தொடங்கி விடாமல் ஏறும் வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்புதல், காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. வயிற்று வலிக்குப் போர்ட்டல் சிரை தெரியும்படி மருந்து செலுத்திய சிடி வேண்டும். மூச்சுத் திணறலுக்கு நுரையீரல் தமனிகளின் சிடி. அவசரப் பிரிவில் டி-டைமர் பார்த்து உறைவு உண்டா என்று முடிவு செய்வது மற்றவர்களுக்குச் சரி. இந்த நோயில் அது பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும், ஆகவே அதைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. நேராக சிடிக்குப் போக வேண்டும் என்பதை எழுதிய ஒரு தாள் பையில் இருப்பது நல்லது. அதே தாளில் நோயின் பெயர், ரத்த வகை, நலமாக இருந்தபோது எடுத்த ஹீமோகுளோபின், ஃபைப்ரினோஜன், டி-டைமர், தட்டணு எண்கள், கடைசி எம்ஆர்ஐயின் தேதி, எடுத்துக்கொள்ளும் மருந்துகள், ரத்தவியல் மருத்துவரின் தொலைபேசி எண். மேலே, பெரிய எழுத்தில்: "மலக்குடலில் பயாப்ஸி, ரப்பர் வளையம், மூல அறுவை செய்யக் கூடாது."